சுங்கானில் படிந்த கரி: அழுக்கா, ஆவணமா?

புகைக்குந்தோறும் சுங்கானின் கிண்ணத்தில் கரி ஏறுகிறது. அதை அகற்றும் முறையைத் தீர்மானித்தது சுங்கான் செய்யப்பட்ட பொருளே. 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழங்கிய வெண்களிமண் சுங்கான்களை இரும்புச் சட்டத்தில் அடுக்கி நெருப்பிலிட்டனர். கரி எரிந்துபோக, மண் மீண்டும் வெளுத்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் சேன்-குளோட் நகரிலிருந்து பிரையர் மரச் சுங்கான்கள் பரவியபோது இவ்வழி பயன்படவில்லை. மரத்தைத் தீயிலிட இயலாது, சுரண்டவே வேண்டும். முழுவதும் சுரண்டுவதும் ஆகாது: மெல்லிய கரிப்படலம் மரத்தைத் தீயிலிருந்து காக்கிறது. அது தடித்துவிட்டாலோ வெப்பத்தில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும்.

புகைப்போருக்கு அழுக்காகத் தோன்றிய இக்கரியைத் தொல்லியலாளரும் நெடுங்காலம் அவ்வாறே கருதினர். 1954இல் ஹாரிங்டன், களிமண் சுங்கான் தண்டின் துளை 1590 முதல் 1800 வரையில் படிப்படியாகச் சிறுத்துவந்ததைக் காட்டி, அதனைக் காலக்கணிப்புக்குரிய அளவுகோலாக்கினார். அளப்பதற்குத் துளை தூய்மையாக இருத்தல் வேண்டும். அகழ்வில் கிடைத்தவற்றைக் கழுவித் துலக்குவதும் வழக்கமாகவே இருந்தது.

வேதியியல் இப்பார்வையை மாற்றியது. புகையின் எச்சம் மண்ணிலும் கல்லிலும் ஊறி நூற்றாண்டுகள் நிலைக்கக்கூடியது. வடஅமெரிக்காவின் வடமேற்கு உட்பகுதியில் வாழ்ந்த தொல்குடியினர் ஐரோப்பிய வணிகர் வரும்வரை பெரும்பாலும் வேறு செடிகளையே புகைத்தனர் என்பது பரவலான கருத்து. நெஸ் பெர்ஸ் குடியினரின் ஒத்துழைப்புடன் நடைபெற்று 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, அப்பகுதியில் கிடைத்த, 1,200 ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுங்கானில் நிகோட்டினைக் கண்டறிந்தது. ஒரு மக்களின் வழக்கம் பிறர் கொணர்ந்ததா, தமக்கே உரியதா என்னும் வினாவுக்கு அவ்வெச்சமே சான்றாயிற்று.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசத் பேக் பீஜப்பூரிலிருந்து அக்பர் அவைக்குப் புகையிலையைக் கொண்டுவந்த செய்தியை அவரது குறிப்பே தருகிறது. அரசவைக்கு வெளியே எளியோர் எதை, எப்போது புகைத்தனர் என்பதை ஏடுகள் அரிதாகவே சொல்கின்றன. அகழ்வில் கிடைக்கும் சுடுமண் சிலுமின் வடிவத்தை மட்டும் கொண்டு, அதில் எரிந்தது புகையிலையா கஞ்சாவா என்று துணிய இயலாது. அதனுள் ஒட்டிய கருமை ஒருவேளை சொல்லக்கூடும். ஆகவே, அருங்காட்சியகத்தில் தூரிகையை எடுக்குமுன் மாதிரி எடுத்து வைப்பது இன்றியமையாதது. கழுவிய சான்றை மீட்க வழியில்லை.