திண்டிவனத்து மல்லாட்டையும் தனிவழியும்

தன்மகரந்தச் சேர்க்கையால் பெருகும் ஒரேயொரு செடியின் வாரிசுகள் முழுவதையும் மரபியலில் தனிவழி என்பர்; தூயவழி என்பதும் உண்டு. இக்கருத்தை 1903இல் வெளியிட்டவர் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். அவரிடம் இருந்தவை பீன்ஸ் விதைகளும் ஒரு தராசும். பல செடிகளின் விதை கலந்த குவியலில் பெரியதைப் பொறுக்கி விதைத்தால் அடுத்த விளைச்சலின் சராசரி எடை கூடியது. ஒரே செடியின் வழிவந்த விதைகளிலோ, பெரியதை விதைத்தாலும் சிறியதை விதைத்தாலும் சராசரி ஒன்றாகவே நின்றது. தனிவழிக்குள் தெரிந்த பருமன் வேறுபாடு மண்ணும் நீரும் வெயிலும் செய்தது. அடுத்த தலைமுறைக்குப் போகாதது.

வாரிசுக்குப் போவதையும் போகாததையும் பிரித்துச் சொல்லப் பெயர் வேண்டியிருந்தது. டச்சு அறிஞர் ஹியூகோ டி விரீஸ் வழங்கிய ‘பாஞ்சீன்’ என்ற சொல்லின் தலையை வெட்டி, 1909இல் ‘ஜீன்’ என்றார் யோஹான்சன். மரபமைப்பைக் குறிக்கும் ஜீனோடைப், வெளித்தோற்றத்தைக் குறிக்கும் ஃபீனோடைப் என்பவையும் அவர் தந்தவையே. ஜீன் என்பது இன்ன பொருள் என்று அவர் எதையும் ஊகிக்கவில்லை. தமிழில் ‘அணு’வைச் சேர்த்து மரபணு என்றபோது, அவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே சொல்லிவிட்டோம். மரபியல் என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல; தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு அதுதான் பெயர். அங்கே பேச்சு, விலங்குகளின் இளமை, ஆண், பெண் பெயர்களைப் பற்றியது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் தனிவழிக்கு ஏற்ற பயிர் நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்ற பெயர் ஊர்வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. அதன் மகரந்தம் பூ விரியுமுன்பே பெரும்பாலும் சூலகமுடியில் சேர்ந்துவிடுகிறது. தேனீ வந்து கலப்பது அரிது. ஆகவே பழைய நாட்டு ரகம் என்பதே பல தனிவழிகளின் கலவை.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு முன்னொட்டு டி.எம்.வி.; ஊர்ப்பெயரின் சுருக்கம். தாவரவியல் மாணவருக்கு இந்த மூன்று எழுத்து புகையிலைத் தேமல் நச்சுயிரியை நினைவூட்டும், உழவருக்கு விதைக்கடலையை. 1940இல் வந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து கூட்டுத்தேர்வில் எடுத்தது. நல்ல செடிகள் பலவற்றைப் பொறுக்கி விதையை ஒன்றாகக் கலப்பது கூட்டுத்தேர்வு. 1967இல் வந்த டி.எம்.வி. 7, டென்னசி ஒயிட் என்ற அயல் ரகத்திலிருந்து தனிவழித் தேர்வில் பிறந்தது. இம்முறையில் ஒவ்வொரு செடியின் விதையையும் தனி வரிசையாக விதைத்து, வரிசைகளை ஒப்பிட்டு, சிறந்த ஒன்றை மட்டும் பெருக்குவர்.

இப்படி வந்த ரகத்தில் பருத்த கொட்டையைத் தேடி விதைத்தால் முளைப்பு நன்றாயிருக்கலாம், ரகம் உயராது. களத்தில் வேறு ரகம் கலந்தால் தூய்மைதான் கெடும். புதிய குணம் வேண்டுமென்றால் மரபணுவில் திடீர் மாற்றமோ கலப்போ தேவை. திண்டிவனத்து எள் ரகம் டி.எம்.வி. 3, தென்னாற்காட்டு எள்ளை மலபார் எள்ளோடு ஒட்டுச் சேர்த்துப் பெற்றதாகும்.