தொட்டில் கட்டியது யார்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிறவர்கள் வன்னியம்பட்டி பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்த வட்டாரம் என்றில்லை, நம்மூரில் பல கோயில் மரங்களில் குட்டித் தொட்டில்கள் ஆடும். கட்டியது அநேகமாக ஒரு பெண்தான். பிள்ளை இல்லையென்றால் விரதமும் அவளுக்கு, ஏச்சும் அவளுக்கு. ‘மலடி’ என்று ஊர் கூசாமல் சொல்லும். ‘மலடன்’ என்ற சொல்லும் தமிழில் உண்டு. யாரையாவது அப்படித் திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் பண்ணிவைப்பார்கள். கொஞ்ச நாளில் புதுசாக வந்தவளும் தொட்டில் கட்டுவாள்!

கதையில் திருப்பம் 1976-ல், இத்தாலியில். டியெபோலோ, ஸுஃபார்டி என்ற இரு விஞ்ஞானிகள், பிள்ளைப்பேறு தள்ளிப்போன 1,170 ஆண்களின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்கள். ஐந்து பேரிடம் ஒரே கோளாறு. ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமின் நீளமான கையில் ஒரு துண்டைக் காணோம். ஆறாவது ஆள் தற்செயலாகச் சிக்கினார். எலும்பில் ஏதோ சின்னக் குறை என்று சோதிக்கப்பட்டவர். உடலமைப்பில் ஆறு பேருமே சாதாரண ஆண்கள்தான். விந்தில் மட்டும் ஒரு உயிரணுகூட இல்லை. காணாமல் போன துண்டில்தான் விந்தணுத் தயாரிப்புக்கான சமாசாரம் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஊகம் சரியாகவே இருந்தது.

நம் நாட்டுக் கணக்கு ஒன்று 2003-ல் வந்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடத்தில் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர், விந்தணுவே இல்லாத 340 ஆண்களைச் சோதித்ததில் 29 பேருக்கு ஒய்-யில் துண்டு விழுந்திருந்தது. நூற்றுக்கு எட்டரை. மற்றவர்களுக்குக் காரணம் வேறு இடத்தில்.

‘அப்படியானால் பரம்பரை வியாதியா?’ என்பீர்கள். வேடிக்கையே அங்கேதான். அப்பாவுக்கும் விந்தணு இல்லாமல் போயிருந்தால் பையன் பிறந்தே இருக்க மாட்டானே! பெரும்பாலும் இது பையனிடம் புதிதாக நேர்வது. அவனோடு முடிந்தும் போகும். போய்க்கொண்டிருந்தது, 1992 வரை.

அந்த வருஷம் பெல்ஜியத்திலிருந்து ‘இக்ஸி’ செய்தி வந்தது. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்துவது. இந்த ஆண்களில் சிலருக்கு விரையைத் திறந்து தேடினால் கொஞ்சம் அணு கிடைக்கும். சிலருக்குக் கிடைக்கவே கிடைக்காது. எந்தத் துண்டு போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. எனவே, கத்தி வைக்கும் முன் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பிறப்பது மகளானால் அப்பாவின் ஒய் அவளுக்குப் போகாது. மகனானால் அதே குறைபட்ட ஒய்-தான் போகும். அவன் கல்யாணத்துக்கு நிற்கும்போது அதைச் சொல்ல வேண்டியவர் அப்பா. சொல்லாவிட்டால், வரப்போகிற மருமகள் தொட்டில் வாங்கப் போவாள்.