இடுப்பு மூட்டின் பாரம்: பொரெல்லி முதல் பெர்லின் வரை

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது அவருடைய இடுப்பு மூட்டு எத்தனை கிலோ பாரத்தைத் தாங்குகிறது? முதலாண்டு இயன்முறை மருத்துவ மாணவர்களிடம் கேட்டால் பலர் 60 என்பார்கள். சிலர் ஊன்றிய காலின் எடையைக் கழித்து 50 என்பார்கள். உண்மை விடை 150க்கு அருகில் இருக்கும். இந்த விடையை எட்ட மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. உடலை மேலும் மேலும் நுட்பமாக அறுத்துப் பார்த்ததால் மட்டும் அது கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1543இல் பாசல் நகரில் அச்சான வெசாலியஸின் உடற்கூறு நூல், ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது என்பதை அதற்கு முன் இல்லாத துல்லியத்தோடு காட்டியது. குரங்கு முதலான விலங்குகளை அறுத்துப் பண்டைய மருத்துவர் காலென் எழுதிவைத்தவற்றை அவர் மனித உடலைக் கொண்டு திருத்தினார். ஆனால் இறந்த உடலில் தசை இழுப்பதில்லை. அது எங்கே ஒட்டியிருக்கிறது என்பது தெரியும். எவ்வளவு விசையோடு இழுத்தது என்பது தெரியாது. குறைந்த முயற்சியில் பெரும் பாரத்தைத் தூக்கும் கருவிகள் தசைகள் என்ற பழைய நம்பிக்கை அதனால் அசையாமல் நின்றது.

அதை அசைத்தவர் மருத்துவர் அல்லர், கணித அறிஞர். 1608இல் நேபிள்ஸில் பிறந்த ஜொவானி அல்ஃபோன்ஸோ பொரெல்லி, கலிலியோவின் மாணவரான காஸ்தெல்லியிடம் பயின்றவர். பீசாவில் உடற்கூறியலாளர் மால்பிகியோடு பழகியபோது உயிரினங்களின் உடலமைப்பில் அவருக்கு ஈடுபாடு வளர்ந்தது. கடைசிக் காலத்தில் வறுமையில் ரோமாபுரியின் துறவியர் இல்லம் ஒன்றில் கணிதம் கற்பித்தபடியே வாழ்ந்து, 1679இன் இறுதி நாளில் இறந்தார். விலங்குகளின் இயக்கம் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டுதான் அச்சேறத் தொடங்கியது. நியூட்டனின் பிரின்சிபியா வெளிவர இன்னும் ஏழாண்டுகள் இருந்தன.

பொரெல்லி எலும்பை நெம்புகோலாகவும் மூட்டை ஆதாரப்புள்ளியாகவும் எடுத்துக்கொண்டார். முழங்கையை மடித்து உள்ளங்கையில் ஒரு கல்லை ஏந்தினால், கல் மூட்டிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. முன்கையை மடக்கும் இருதலைத் தசையோ மூட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித்தான் எலும்பைப் பற்றுகிறது. ஆகவே தசை கல்லின் எடையைப் போலப் பல மடங்கு இழுத்தாக வேண்டும். பழைய நம்பிக்கை அப்படியே தலைகீழானது. இயற்கை இங்கே விசையைத் தாராளமாகச் செலவிட்டு, பதிலுக்கு வேகத்தையும் வீச்சையும் பெறுகிறது. தசை சுருங்கும் விதத்தைப் பற்றி, அது ஒருவகையில் உப்புகிறது என்று பொரெல்லி எழுதியது தவறு. ஆனாலும் நெம்புகோல் கணக்கு நின்றது. விளிம்பின் மேல் சமனாக நிற்கும் பலகையில் ஆளைப் படுக்கவைத்து உடலின் ஈர்ப்பு மையத்தைக் கண்டதும் அவரே. பயோமெக்கானிக்ஸின் தந்தை என்று அவரைச் சொல்வது எனக்கு மிகையாகப் படவில்லை.

அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் இடுப்பைப் பொறுத்தவரை பெரிய முன்னேற்றம் இல்லை. 1836இல் வெபர் சகோதரர்கள், நடக்கும்போது முன்னே வரும் கால் ஊசல் போலத் தானாக ஆடுகிறது என்றார்கள். லைப்சிக் உடற்கூறியலாளர் பிரவுனேயும் கணித அறிஞர் ஃபிஷரும் அதைச் சோதித்தார்கள். உறைய வைத்த உடல்களில் ஒவ்வொரு உறுப்பின் ஈர்ப்பு மையத்தையும் அளந்து 1889இல் வெளியிட்டார்கள். பிறகு உயிருள்ள ஒருவருக்குக் கறுப்பு உடை அணிவித்து, கை கால்களில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருளில் நடக்கவிட்டுப் பல கோணங்களில் படமெடுத்தார்கள். ஆளை ஆயத்தம் செய்யவே பல மணி நேரம் ஆனது. பிரவுனே 1892இல் இறந்துபோக, ஃபிஷர் கணக்குகளைத் தொடர்ந்து முடித்து 1904 வரை வெளியிட்டார். கால் ஊசலாக மட்டும் ஆடவில்லை, தசைகள் அதை இயக்குகின்றன என்று தெரிந்தது.

அதே காலத்தில் இன்னொரு பக்கத்திலிருந்து, மருத்துவரின் கண்ணிலிருந்து, விடை நெருங்கியது. பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியவர்கள் வாத்து போல அசைந்து நடப்பது, தொடை எலும்பின் தலை மேலும் கீழும் வழுக்குவதால் என்று நம்பப்பட்டுவந்தது. 1895இல் ட்ரெண்டலென்பர்க் நோயாளிகளைப் பின்னாலிருந்து கவனித்து மறுத்தார். ஊன்றிய காலின் பக்கமுள்ள குளூட்டியஸ் மீடியஸ் முதலிய தசைகள் இடுப்பெலும்பைப் பிடித்து நிறுத்த முடியாமல் போவதால் மறுபக்கம் தாழ்கிறது என்றார். இன்றும் மருத்துவமனைகளில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்க்கும் சோதனைக்கு அவர் பெயர்தான்.

ஆஹன் நகர எலும்பு மருத்துவர் ஃப்ரீட்ரிஷ் பௌவெல்ஸ், 1935இல் வெளியிட்ட நூலில் தொடை எலும்புக் கழுத்து முறிவை ஓர் இயந்திரவியல் சிக்கலாகவே எடுத்துக்கொண்டார். அவர் வழியில் எளிய எண்களைப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ ஆளில் ஊன்றிய கால் போக 50 கிலோ மூட்டின் மேல் இருக்கிறது. அந்த எடையின் கோடு மூட்டிலிருந்து 10 செ.மீ. உள்ளே விழுகிறது, ட்ரெண்டலென்பர்க் சொன்ன பக்கவாட்டுத் தசைகளின் கோடு 5 செ.மீ. வெளியே போகிறது. திருப்புத்திறன்கள் சமனாக வேண்டுமானால் தசை 100 கிலோ இழுக்க வேண்டும். மூட்டில் சேர்வது 50ம் 100ம், ஏறத்தாழ 150.

தொடை எலும்பின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் பெரிய டிரோக்கான்டரின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. தசைக்கு அந்த 5 செ.மீ. நெம்புகோல் கரத்தைத் தருவது அதுவும் எலும்பின் கழுத்தும் சேர்ந்துதான். எலும்பின் பெயர்களை ஒரு பாடவேளையிலும் விசையை வேறொரு பாடவேளையிலும் கற்பிக்கும் நம் வழக்கம் இந்தத் தொடர்பை மாணவரிடமிருந்து மறைத்துவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

கைத்தடியை நோயுள்ள பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. அந்தக் கை மூட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தால், 5 கிலோ அழுத்தமே 250 அலகு (கிலோ × செ.மீ.) திருப்புத்திறனைத் தருகிறது. தசைக்குப் பாதி வேலை குறைந்து, மூட்டின் பாரம் 95 கிலோவாக இறங்குகிறது. நிற்பதற்கான கணக்கு இது; நடையில் இவ்வளவு குறையாது. 1956இல் அமெரிக்க மருத்துவர் பிளவுண்ட், கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களிடம் மன்றாடியதற்கு அடிப்படை இதுதான். 1960களில் செயற்கை இடுப்பு மூட்டை நிலைநிறுத்திய இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, கிண்ணத்தை உள்ளே நகர்த்தி டிரோக்கான்டரை வெளியே நகர்த்தினார். எடையின் கரம் குறைந்தது, தசையின் கரம் நீண்டது.

இவையெல்லாம் கணக்குகள்தாம். 1966இல் சுவீடனின் ரூடெல், திரிபுமானி பொருத்திய செயற்கை மூட்டை இரண்டு நோயாளிகளுக்குப் பொருத்தி உள்ளிருந்தே விசையை அளந்து வெளியிட்டார். பெர்லினில் பெர்க்மன் குழுவினர் மூட்டிலிருந்து வானொலி அலை மூலம் அளவுகளைப் பெற்றார்கள். 2001இல் அவர்கள் வெளியிட்ட சராசரி: மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் சமதள நடையில் உடல் எடையைப் போல 2.38 மடங்கு, மாடிப்படி ஏற 2.51, இறங்க 2.60. பௌவெல்ஸ் வழியில் மேலே தாளில் போட்ட கணக்கு (60 கிலோவுக்கு 150, அதாவது 2.5 மடங்கு) மெய்யான அளவுக்கு இவ்வளவு அருகில் இருந்தது. கணக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்றும் தெரியவந்தது: நோயாளி ஒருவர் எதிர்பாராமல் தடுமாறியபோது விசை 7 மடங்கையும் தாண்டியது. விழாமலிருக்க மூட்டைச் சுற்றிய தசைகள் பலவும் ஒருசேர இறுகிக்கொண்டதே அதற்குக் காரணம்.

பெர்லினின் ஆர்த்தோலோட் தரவுத்தளத்தில் இந்த அளவுகள் நோயாளி நடக்கும் காணொளியோடு இலவசமாகக் கிடைக்கின்றன. மேலே போட்ட கணக்கை எந்த மாணவரும் அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.