பேரேட்டைத் தாண்டி வந்த எண்

மணப்பாட்டில் ஒரு பிள்ளை பிறந்ததற்கு எழுத்துச் சாட்சி நெடுங்காலம் கோயில் ஞானஸ்நானப் பேரேடுதான். 1542இல் சவேரியார் வந்த கரை இது. ஆனால் கோயில் பேரேடு பெற்றோர் பெயரைச் சொல்லும். தாயின் ரத்த அளவைச் சொல்லாது.

கிராம சுகாதார செவிலியராக நான் சேர்ந்தபோது அந்த ரத்த அளவைப் பதிவேட்டில் கையால் எழுதினோம். எங்கள் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு போவார்கள், பெரியதாழை, வீரபாண்டியன்பட்டினம் என்று. பதிவேடு என்னிடமே நின்றுவிடும். ரத்தசோகை உண்டா, முந்தைய பிள்ளை ஆபரேஷனா என்று அங்குள்ள செவிலியர் முதலிலிருந்து கேட்க வேண்டும். மயங்கிக் கிடப்பவளிடம் என்ன கேட்பது?

2008இல் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான பிக்மி கணினிப் பதிவு வந்தது. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஸ்கேன், தடுப்பூசி எல்லாம் ஒரே எண்ணின் கீழ். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவை. பகலில் நோட்டு, இரவில் கணினி என்று செவிலியருக்கு வேலை இரட்டித்தது உண்மை. அந்தச் சுமையை அரசு குறைத்தே ஆக வேண்டும். ஆனாலும் பழைய முறைக்குத் திரும்பச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

தாய்வீடு கிளம்பும் மகளே, துணிப்பையோடு அந்த எண்ணையும் மறக்காமல் எடுத்துப் போ.