139.7: ஒரு பழைய பிக்அப்பின் சில்லுக்குள் இருக்கிற வரலாறு

எங்கட வீதிகளில் ஓடுகிற ஹைலக்ஸ் டபிள்கப் ஒன்றுக்கு ரிம் தேடினால் முதலில் கண்ணில் படுவது 6x139.7 என்ற எண்தான். ஆறு நட்டு, அவை நிற்கிற வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீற்றர். எல்லாத்தையும் மில்லிமீற்றரில் அளக்கிற யப்பான்காரர் 140 எண்டு வைச்சிட்டுப் போகாமல் ஏன் இந்தத் தசமத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? 25.4 ஆல் பிரித்துப் பாருங்கள். சரியாக ஐந்தரை அங்குலம். அமெரிக்காவின் பழைய ஷெவர்லே பிக்அப்பில் இருந்ததும் இதே ஆறு நட்டு, இதே ஐந்தரை அங்குலம்தான்.

1960இல் ஷெவர்லே தன் பிக்அப்களுக்கு சி, கே என்று பெயர் வைத்தது. சி என்றால் பின்சில்லு மட்டும் இழுக்கும். கே என்றால் நாலும் இழுக்கும். பக்கத்தில் 10 என்று இருந்தால் அரைத் தொன் வண்டி. அந்த சி10 வண்டிகளில் 1967 முதல் 1972 வரை வந்த உடலமைப்புக்குத்தான் இன்றைக்கு கிளாசிக் வண்டிப் பிரியர்களிடம் பெரிய மவுசு. ஆனால் ஒரே மாதிரித் தெரிகிற இந்த ஆறு வருச வண்டிகளுக்கு நடுவில் ஒரு கோடு ஓடுகிறது. 1970 வரை வந்த சி10இல் ஆறு நட்டு, ஐந்தரை அங்குலம். 1971இல் இருந்து ஐந்து நட்டு, ஐந்து அங்குலம், அதாவது 127 மில்லிமீற்றர். வெளியில் பார்த்தால் முன்கிறில் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஏன் மாற்றினார்கள்? பிரேக்குக்காக. 1970 வரை நாலு சில்லிலும் ட்ரம் பிரேக். பாரம் ஏற்றிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் வந்தால் ட்ரம் சூடேறி, மிதிக்க மிதிக்க பிடி குறையும். தண்ணீர் புகுந்தாலும் அதே கதை. அது அமெரிக்கா வாகனப் பாதுகாப்பைப் பற்றி உரத்துப் பேசிக்கொண்டிருந்த காலம். ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகம் முதலில் கையில் எடுத்ததே ஷெவர்லேயின் கோர்வேர் காரைத்தான். அடுத்த வருசம் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1967 பிக்அப்பில் பிரேக் எண்ணெய் இரண்டு தனிப் பாதைகளில் ஓடத் தொடங்கியது. ஒன்று ஒழுகினாலும் மற்றது வேலை செய்யும். 1971இல் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அதோடு வந்த புது ஹப்பில்தான் அந்த ஐந்து நட்டு. ஆக, ஒரு சி10இன் நட்டை எண்ணினால் அது எந்தப் பிரேக்கோடு பிறந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இப்ப ஒருவர் 1969 சி10 ஒன்றை வாங்குகிறார் என்று வையுங்கள். அவருக்குப் பிடித்த அகலமான ரிம் ஐந்து துளையில்தான் கிடைக்கிறது. கனபேர் போகிற குறுக்குவழி அடப்டர். ஆறு ஸ்டட்டில் பூட்டுகிற ஒரு தடித்த தட்டு, அதன் முகத்தில் ஐந்து ஸ்டட். தடிப்பு குறைந்தது 25 மில்லிமீற்றராவது இருக்கும். அவ்வளவு தூரம் சில்லு வெளியே போகும். சில்லு மட்காட்டை நிரப்பிக்கொண்டு நிற்கிற அந்தத் தோற்றம் வந்துவிடும். படத்துக்கு வடிவுதான். ஆனால் பேரிங்கில் விழுகிற பாரத்தின் இடம் மாறுகிறது, ஸ்டியரிங் இழுக்கத் தொடங்குகிறது, திருப்பும்போது ரயர் மட்காட்டில் உரசலாம். பிரேக் மட்டும் அதே பழைய ட்ரம்!

ஸ்டட் இல்லாத, சும்மா இடையில் செருகுகிற மெல்லிய ஸ்பேசர் இன்னும் மோசம். 6 மில்லிமீற்றர் ஸ்பேசர் போட்டால், நட்டு கடிக்கிற புரியில் 6 மில்லிமீற்றர் போய்விடும். நட்டு குறைந்தது ஸ்டட்டின் விட்டமளவுக்காவது புரியைக் கடித்திருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பொது விதி. அதுக்குக் குறைந்தால் சில்லு கழன்று ஓடுவது நடக்கக்கூடிய விசயம். ஓடுகிற சில்லு வண்டிக்காரரைத் தேடிப் போகாது, எதிரே சைக்கிளில் வாறவரிடம்தான் போகும்.

அளக்கிறதிலும் ஒரு பொறி இருக்கு. ஆறு ஸ்டட் என்றால் ஒன்றின் நடுவிலிருந்து நேர் எதிரே இருப்பதன் நடுவரை அளந்தால் போதும். ஐந்தில் நேர் எதிரே ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டின் நடுவை அளந்து 1.701 ஆல் பெருக்க வேண்டும். 74.6 வந்தால் 127. 82.1 வந்தால் 139.7, அது போர்ட் எஃப்-100இன் அளவு. வித்தியாசம் ஏழரை மில்லிமீற்றர்தான். கண்ணை நம்பினால் கெட்டோம்.

பிறகு பாக்ஸ்பேசிங். ரிம்மின் பின்விளிம்பிலிருந்து, ஹப்பில் படுகிற முகம் வரைக்குமான தூரம். பழைய அமெரிக்கக் கணக்கு இதுதான். 15x8 ரிம்மின் விளிம்போடு சேர்ந்த மொத்த அகலம் ஏறக்குறைய 9 அங்குலம், நடு நாலரை. பாக்ஸ்பேசிங் 4 என்றால் முகம் நடுவுக்கு அரை அங்குலம் உள்ளே நிற்கிறது. இன்றைய கணக்கில் ஓஃப்செட் கழித்தல் 12.7. முன்சில்லு இழுக்கிற இன்றைய கார்களில் கூட்டல் 35, 45 என்று வரும். சரியான பாக்ஸ்பேசிங் உள்ள ரிம்மைத் தேடி எடுத்தால் ஸ்பேசர் என்ற பேச்சே தேவையில்லை. தேட நாளாகும், அதுதான் பலருக்குக் கஷ்டம்.

எங்களிடம் கேட்டால், ஆறு துளை ரிம்மோடேயே இருக்கலாம். இல்லாட்டி 1971இல் கொம்பனி செய்ததையே செய்ய வேணும்: பிந்திய வண்டியின் முன்பக்கத்தை டிஸ்க் பிரேக்கோடு முழுசாகக் கொண்டுவந்து பூட்டி, பின் அச்சையும் ஐந்து நட்டுக்கு மாற்றுவது. அப்ப ஐந்து நட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். இதில் ஒரு இழப்பும் உண்டு. வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த ஆறு ஸ்டட் ட்ரம் ஒரு ஆவணம். கழற்றினால் 1969 வண்டி 1969ஐப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடும். ஆனாலும் வீதியில் ஓட்டுகிற வண்டிக்கு நாங்கள் பிரேக்கின் பக்கம்தான் நிற்போம். காட்சிக்கு நிற்கிற வண்டியென்றால் தொடவே வேண்டாம்.

கே10 இந்த மாற்றத்துக்குள் வரவேயில்லை. 1971க்குப் பிறகும் அது ஆறு நட்டோடுதான் ஓடியது. 1999இல் சில்வராடோ என்ற பெயரில் புது பிக்அப் வந்தபோது, பின்சில்லு மட்டும் இழுக்கிற அரைத் தொன் வண்டியும் ஆறு நட்டுக்கே திரும்பியது. விட்டம் அதே 139.7, இந்த முறை டிஸ்க் பிரேக்கோடு.