அம்பர் வாசனை யாருக்கு உரியது?

தொண்ணூறுகளின் முற்பகுதியில், கொழும்புப் பத்திரிகை ஒன்றின் வாரமலரில் மகளிர் பக்கத்தை நிரப்பும் பணி சில காலம் எனக்கு வாய்த்தது. ஆங்கிலச் சஞ்சிகைகளில் வருவனவற்றைத் தமிழாக்கிக் கொடுப்பதே பெரும்பாலும் வேலை. அவ்வாறு ஒருமுறை, எந்த வாசனை எந்தக் குணத்தவருக்குப் பொருந்தும் என்றொரு கட்டுரையை மொழிபெயர்த்தேன். அம்பர் வாசனை, மர்மமும் கவர்ச்சியும் மிக்க பெண்களுக்கே உரியதென அதில் கண்டிருந்தது. நானும் ஐயமின்றி எழுதினேன், அச்சாகியும் விட்டது.

அடுத்த வாரம் புறக்கோட்டை அத்தர் கடையொன்றில் அதே பெயர் ஒட்டிய சிறு குப்பியைக் கண்டேன். கடைக்காரர் முதியவர். என் மணிக்கட்டில் ஒரு துளி தடவினார்.

"இது பெண்களுக்கானதா நானா?" என்று கேட்டேன்.

"யார் சொன்ன தம்பி? வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போற ஆக்கள்தான் கூட வாங்குறது" என்றார்.

யார் சொன்னது என்பதை அவரிடம் கூற எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது.

முதலில் அம்பர் என்பது எது? பெயரிலேயே குழப்பம் தொடங்குகிறது. அரபு மொழியில் 'அன்பர்' என்பது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து கரையொதுங்கும் பொருள், தமிழில் மீனம்பர். திமிங்கிலம் விழுங்கிய கணவாய்களின் செரிக்காத அலகுகளைச் சுற்றி அது உருவாகிறது. அச்சொல் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றபோது, மரப்பிசின் இறுகிக் கல்லான மஞ்சள் மணிக்கும் அதே பெயர் இடப்பட்டது. வாசனைக் கலைஞர்கள் இன்று அம்பர் என்று அழைப்பதோ இவ்விரண்டும் அல்ல. லப்டானம், சாம்பிராணி, வனிலா ஆகியவற்றின் கலவையே அது. மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் சிஸ்டஸ் என்ற புதரின் பிசின் லப்டானம். ஆட்டுக்கடாக்களின் தாடியில் ஒட்டிக்கொண்டு வரும் இந்தப் பிசினைப் பற்றி ஹெரோடோட்டஸ் அன்றே எழுதியிருக்கிறார். சாம்பிராணி, சுமாத்திராவிலிருந்தும் சியாமிலிருந்தும் கப்பலேறிய பிசின்.

வனிலாவின் கதை தனியே எழுதத்தக்கது. 1841 இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், அப்பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் காட்டினான். இந்து சமுத்திரத் தீவுகளின் வனிலாச் செய்கை அதன் பின்னரே செழித்தது. 1874 இல் ஜேர்மனியின் ஹார்மன், டீமன் ஆகிய இருவரும் வனிலின் என்ற அதன் மணப்பொருளை ஆய்வுகூடத்தில் செய்துவிட்டனர்.

அந்த வனிலின் 1889 இல் பரிஸ் நகரின் கெர்லான் நிறுவனத்தில் ஒரு குப்பிக்குள் புகுந்தது. ஏமே கெர்லான் படைத்த அந்த வாசனையின் பெயர் ஜிக்கி. (நம்மவர்க்குப் பின்னணிப் பாடகி ஜிக்கிதான் நினைவுக்கு வருவார், அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஈபிள் கோபுரம் திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே. ஜிக்கியில் முதலில் எழுவது லவண்டர். அது அடங்கியதும் வனிலினும் குமரினும் வெளிவரும். அவற்றின் அடியில் நாம் புனுகு என்று அறிந்த பொருள் கிடக்கும். கண்ணியமான பெண்ணுக்கு ரோசாவோ ஊதாப்பூவோ போதும் என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே ஜிக்கியை முதலில் விரும்பியவர்கள் ஆண்கள் என்றும், பெண்கள் பின்னரே அதை எடுத்துக்கொண்டனர் என்றும் வாசனை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். குப்பி மாறவில்லை, உள்ளிருந்ததும் மாறவில்லை.

ஏமேயின் சகோதரரின் மகன் ஜாக் கெர்லான், எத்தில் வனிலின் என்ற இன்னும் வலிய பொருளை ஜிக்கிக் குப்பியொன்றில் ஊற்றிப் பார்த்ததில் பிறந்ததே ஷாலிமார் என்பது அந்நிறுவனத்தார் விரும்பிச் சொல்லும் கதை. 1925 இல் பரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் அது புகழடைந்தது. ஷாஜகான் தன் மனைவி மும்தாசுக்காக அமைத்த ஷாலிமார் தோட்டத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது என்று விளம்பரம் கூறிற்று.

இங்கே பத்திரிகைக்காரனின் பழைய பழக்கம் தலைகாட்டுகிறது. ஷாஜகான் லாகூர் ஷாலிமார் தோட்டத்தைத் தொடங்கியது 1641 இல். மும்தாஜ் இறந்தது 1631 இல். காஷ்மீரத்து ஷாலிமாரோ 1619 இல் ஜஹாங்கீர் அமைத்தது. காதற் பரிசு என்ற கதை ஆண்டுக் கணக்கில் நிற்கவில்லை. எனினும் ஷாலிமார் பெண்களின் வாசனை, அதுவும் சற்று அபாயகரமான பெண்களின் வாசனை, என்ற முத்திரை நிலைத்துவிட்டது. நல்ல குடும்பத்துப் பெண் புகைபிடிக்கமாட்டாள், டாங்கோ ஆடமாட்டாள், ஷாலிமார் பூசமாட்டாள் என்றொரு பேச்சு அக்காலத்தில் வழங்கியதாகச் சொல்வர். முகலாய அந்தப்புரம் பற்றிய ஐரோப்பியக் கற்பனையை எடுத்துவிட்டால், ஜிக்கிக்கும் ஷாலிமாருக்கும் இடையே எஞ்சுவது அளவு வேறுபாடே என்பது என் கணிப்பு. நான் மொழிபெயர்த்த 'மர்மப் பெண்' எங்கிருந்து வந்தாள் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குப் புரிந்தது.

இவ்வகை வாசனைகளை மேற்குலகம் நெடுங்காலம் 'ஓரியண்டல்', அதாவது கீழைத்தேயத்தது, என்றே அழைத்துவந்தது. வாசனைகளை வகைப்படுத்தும் மைக்கேல் எட்வர்ட்ஸ் 2021 இல் அச்சொல்லைத் தமது கையேட்டிலிருந்து நீக்கி, அம்பர் என்ற பெயரை இட்டார். அதற்கு முன்பே, தொண்ணூறுகளில், செர்ஜ் லுத்தான் மொரோக்கோ நினைவுகளிலிருந்து உருவாக்கிய அம்ப்ர் சுல்தான் இருபாலார்க்கும் உரியதாக வெளிவந்திருந்தது. புறக்கோட்டைக் கடைக்காரருக்கு இவை புதிய செய்திகளாக இருந்திரா.

அப்படியாயின் அம்பர் எந்தக் குணத்தவருக்குப் பொருந்தும்? அவசரமில்லாதவருக்கு என்பேன். இதன் கனமான பொருட்கள் மெதுவாகவே ஆவியாகின்றன. முதற் பத்து நிமிடங்களில் மூக்கில் படுவது லவண்டரோ எலுமிச்சை இனத்துப் பெர்கமொட்டோதான். கடையில் நின்றபடியே தீர்ப்புக் கூறுபவர் ஏமாறுவார். ஒரு மணி நேரம் கழிந்து, தோலின் சூட்டில்தான் அது வாய் திறக்கும். எமது புழுக்கத்திலோ ஒரு துளிக்கு மேல் பூசினால் பேருந்தில் பக்கத்து ஆசனம் காலியாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பரிஸ் சென்றிருந்தபோது, லாச்சப்பலில் வசிக்கும் உறவினரின் மகன் என்னைப் பெரிய கடையொன்றுக்கு அழைத்துச் சென்றான். ஜிக்கியைக் கேட்டு வாங்கினேன். பொதி கட்டிய பெண் புன்னகையுடன் ஏதோ வினவினாள். "ஆன்ரிக்கோ எண்டு கேக்கிறா, மாமா" என்றான் பையன். இவ்வளவு வரலாறும் அறிந்திருந்த நான், ஆம் என்று தலையசைத்தேன். என் மனைவி அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு வைத்துவிட்டாள். குப்பியில் இப்போது பாதிக்கும் குறைவாகவே இருக்கிறது.