கவிதையா, ஜெபமா? - இரண்டு துறவிகளின் கதை

1868ம் ஆண்டு மே மாதம் 11ம் தேதி. இங்கிலாந்தில் 23 வயது இளைஞர் ஒருவர் தான் எழுதி வைத்திருந்த கவிதைகளை எடுத்துத் தீயில் போட்டு எரித்தார். யாரும் அவரை மிரட்டவில்லை. கவிதைகள் மோசமாக இருந்ததும் காரணமில்லை. அவர் துறவியாகப் போகிறார், அவ்வளவுதான். ஏரோது மன்னன் பச்சைக் குழந்தைகளைக் கொன்றதாக பைபிளில் வருமே, அந்தச் சம்பவத்தின் பெயரையே அன்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பிள்ளைகளைக் கொல்வது போல வலித்திருக்கிறது. இருந்தாலும் எரித்தார்.

அவர் பெயர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ். இன்று ஆங்கிலக் கவிதை படிக்கும் மாணவர்கள் யாரும் தவிர்க்க முடியாத பெயர். அவர் ஏன் எரித்தார்? எரித்தது சரிதானா? இந்தக் கேள்விக்கு 70 ஆண்டுகள் கழித்து இன்னொரு நாட்டில், இன்னொரு துறவியின் வாழ்க்கையில் பதில் தேட வேண்டியிருந்தது.

பிரச்சினை என்ன?

ஜெபத்தில் பல வகை உண்டு. கேட்பது, நன்றி சொல்வது, துதிப்பது, மன்னிப்பு வேண்டுவது. இவற்றையெல்லாம் தாண்டி, எதுவும் கேட்காமல், எதுவும் பேசாமல், கடவுளின் முன் அமைதியாக இருப்பது ஒரு வகை. நம்மூர் ஞானிகள் 'சும்மா இருப்பது' என்று சொன்னதற்குப் பக்கத்தில் வைக்கலாம். கிறிஸ்தவத் துறவிகள் இந்த ஆழ்ந்த மௌன ஜெபத்தைத்தான் ஜெபங்களின் உச்சம் என்று கருதினார்கள். இங்கே வார்த்தை வேண்டாம், கற்பனை வேண்டாம், 'நான்' என்ற எண்ணமே வேண்டாம்.

ஆனால் கலைஞனுக்கு வார்த்தை வேண்டும், கற்பனை வேண்டும். எழுதியதை நாலு பேர் படிக்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே வரும். அப்படியானால் இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படி ஒத்துப் போகும்?

கேள்வி ஒன்றும் புதிதல்ல. 1125ம் ஆண்டு வாக்கிலேயே சிஸ்டர்சியன் சபையின் பெரிய தலைவரான புனித பெர்நார்து, மடங்களில் செதுக்கியிருந்த குரங்குகளையும் விசித்திர மிருகங்களையும் கடுமையாகத் தாக்கி எழுதினார். புத்தகத்தைப் படிக்க வேண்டிய துறவி கல்லைப் படித்துக் கொண்டிருக்கிறான் என்பது அவர் குற்றச்சாட்டு. வேடிக்கை என்னவென்றால், அதே பெர்நார்துதான் சாலமோனின் உன்னதப் பாட்டைப் பற்றி 86 மறையுரைகள் எழுதினார். அத்தனையும் உவமையும் உருவகமுமாகப் பொங்கி வழிபவை. கல்லில் இருந்த கலையை வெளியே தள்ளியவர், சொல்லில் இருந்த கலையைத் தள்ள முடியவில்லை.

ஏழு வருட மௌனம்

ஹாப்கின்ஸ் 1844ல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டு மாணவர். 1866ல் ஜான் ஹென்றி நியூமன் கையால் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1868 செப்டம்பரில் இயேசு சபையில் நுழைந்தார். கவிதை தன் துறவு வாழ்க்கைக்குப் பொருந்தாது, மேலதிகாரிகள் விரும்பினால் ஒழிய இனி எழுதுவதில்லை என்று தானே முடிவு செய்து கொண்டார்.

சபை அப்படி ஒரு தடை போட்டிருந்ததா என்றால், இல்லை. தமிழில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இதே இயேசு சபைக்காரர்தான். இங்கிலாந்திலேயே 1595ல் தூக்கிலிடப்பட்ட ராபர்ட் சவுத்வெல் என்ற இயேசு சபைக் குருவும் பெயர் பெற்ற கவிஞர். தடை ஹாப்கின்ஸின் மனதில்தான் இருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஜெப முறையே கற்பனையில்தான் தொடங்குகிறது. அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' 30 நாள் மௌன தியானத்துக்கான கையேடு. இயேசுவின் பிறப்பைத் தியானிக்கும்போது நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதையை மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். பாதை எவ்வளவு நீளம்? எவ்வளவு அகலம்? சமவெளியா, மேடு பள்ளமா? குகை பெரியதா, சிறியதா? கூரை தாழ்வா, உயரமா? கிட்டத்தட்ட ஒரு சினிமா இயக்குநர் கேட்கும் கேள்விகள்! இப்படிப் பார்த்து, கேட்டு, தொட்டு உள்ளே போன பிறகுதான் மனம் மெல்ல அடங்கி மௌனத்துக்கு வருகிறது. இந்த வழியில் கற்பனை ஜெபத்தின் வாசற்படி.

ஹாப்கின்ஸ் இந்தப் பயிற்சிகளை முழுமையாகச் செய்தவர். எனவே கவிதை நின்றாலும் பார்வை நிற்கவில்லை. அந்த ஆண்டுகளின் நாட்குறிப்பு முழுக்க மேகம், இலை, அலை, பனிக்கட்டி. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் அதற்கே உரிய ஒரு தனி வடிவம் இருக்கிறது என்று நம்பி, அதற்கு 'இன்ஸ்கேப்' என்று ஒரு சொல்லையே புதிதாக உண்டாக்கினார். ஒரு சின்ன நீலப் பூவைப் பார்த்து, இதன் வழியாக ஆண்டவரின் அழகை அறிகிறேன் என்ற பொருளில் 1870ல் எழுதினார். 1873ல் தோட்டத்தில் ஒரு மரத்தை வெட்டியபோது, உலகின் இந்த வடிவங்கள் அழிவதைப் பார்ப்பதைவிடச் செத்துப் போகலாம் என்று தோன்றியதாக எழுதினார். மழை விட்டதும் பாதையில் குனிந்து ஈர மணலையே உற்றுப் பார்த்துக் கொண்டிருப்பார், விசித்திரமான இளைஞர் என்று மடத்தில் வேலை பார்த்த ஒரு சகோதரர் பின்னாளில் நினைவு கூர்ந்தார்.

1872ல் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற பிரான்சிஸ்கன் தத்துவ ஞானியின் நூல் அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு பொருளும் அதுவாகவே இருக்கும் தனித்தன்மை உடையது என்பது ஸ்கோட்டஸின் கொள்கை. ஹாப்கின்ஸுக்கு அது பெரிய ஆறுதல். பூவை உற்றுப் பார்ப்பது கடவுளிடமிருந்து விலகும் வேலை இல்லை என்று சொல்ல ஒரு பெரியவர் கிடைத்துவிட்டார்.

கப்பல் உடைந்தது, மௌனமும் உடைந்தது

1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்ற ஜெர்மன் கப்பல் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்துக்கு அருகே மணல் திட்டில் மோதியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள். பிஸ்மார்க் காலத்துச் சட்டங்களால் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்கள்.

அப்போது ஹாப்கின்ஸ் வேல்ஸ் நாட்டில் இறையியல் படித்துக் கொண்டிருந்தார். செய்தியைப் படித்து மனம் கலங்கிப் போனார். இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நன்றாக இருக்கும் என்று கல்லூரி அதிபர் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஏழு வருடமாக, பெரியவர்கள் கேட்டதற்காக எழுதிய ஓரிரு சிறு பாடல்கள் தவிர எதுவும் எழுதாத மனிதர், 35 செய்யுள்கள் கொண்ட நீண்ட கவிதை ஒன்றை எழுதினார். ஆங்கிலத்துக்கே புதிதான தாளத்தில்! அந்தத் தாளம் வெகு காலமாகத் தன் காதில் ஒலித்துக் கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்.

பலன்? இயேசு சபையின் சொந்தப் பத்திரிகையே அதைப் பிரசுரிக்கவில்லை. ஆனாலும் அடைப்பு திறந்துவிட்டது. 1877ல், குருப்பட்டம் பெறுவதற்கு முந்தைய மாதங்களில், அவருடைய மிக மகிழ்ச்சியான கவிதைகள் பிறந்தன. அவை ஒரே நேரத்தில் இயற்கை வர்ணனையாகவும் துதியாகவும் இருப்பவை. எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது.

பின்னாட்கள் அப்படி இல்லை. 1884ல் டப்ளினில் கிரேக்கப் பேராசிரியர் ஆனார். குவியல் குவியலாகத் தேர்வுத் தாள்கள், உடல் நலிவு, தனிமை. ஜெபம் வறண்டது. அந்த இருட்டில் எழுதிய கவிதைகளில் கடவுளோடு நேருக்கு நேர் வாதாடுகிறார், ஏன் பதில் இல்லை என்று கேட்கிறார். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், அவர் பேசுவதை நிறுத்தவில்லை. ஜெபிக்க முடியாத நாளில் கவிதைதான் அவர் ஜெபமாக இருந்தது. ஜெபத்துக்கு எதிரி என்று நினைத்து எந்தக் கலையை எரித்தாரோ, அதுவே கடைசியில் அவரைத் தாங்கியது.

1889ல் டைபாய்டு காய்ச்சலில், 44 வயதில் இறந்தார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் பாதுகாத்து வைத்திருந்த கவிதைகள் 1918ல்தான் புத்தகமாயின. அச்சிட்டது 750 பிரதிகள்.

நியூயார்க்கில் ஒரு மழை நாள்

1938ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் அறையில் ஹாப்கின்ஸின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துக் கொண்டிருந்தார். கத்தோலிக்கராவதா வேண்டாமா என்று ஹாப்கின்ஸ் தவித்து நியூமனுக்குக் கடிதம் எழுதும் இடம். 'நீ மட்டும் எதற்காகக் காத்திருக்கிறாய்?' என்பது போல உள்ளே ஏதோ கேட்டது. புத்தகத்தை வைத்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பங்குக் குருவைத் தேடிப் போனார். அந்த நவம்பரில் ஞானஸ்நானம் பெற்றார். அவர்தான் தாமஸ் மெர்ட்டன்.

அப்பா அம்மா இருவருமே ஓவியர்கள். எழுத்து இவர் ரத்தத்தில் இருந்தது. 1941 டிசம்பரில் கென்டக்கி மாநிலத்தில் உள்ள கெத்சமனி மடத்தில் சேரக் கிளம்பும்போது, எழுதி முடித்த மூன்று நாவல்களையும் பாதி முடிந்த ஒன்றையும் கிழித்து நெருப்பில் போட்டார். ஆமாம், இவரும்! ஆனால் கவிதைகளைத் தன் பேராசிரியருக்கு அனுப்பி வைத்துவிட்டார். மனம் முழுசாக விடவில்லை.

கெத்சமனி மடம் டிராப்பிஸ்ட் துறவிகளுடையது. புனித பெர்நார்தின் சிஸ்டர்சியன் வழியில் வந்தவர்கள். பேச்சு கிடையாது, அவசியத்துக்குக் கை ஜாடைதான். நடு இரவு தாண்டியதுமே எழுந்து ஜெபம். இங்கே வந்தால் எழுத்து ஒழிந்துவிடும் என்று மெர்ட்டன் நினைத்தார். ஆனால் மடாதிபதி பிரெடெரிக் டன் 'எழுது' என்றார். எழுத்தாளன் என்ற இன்னொரு மெர்ட்டன் நிழல் போல மடத்துக்குள்ளும் பின்தொடர்ந்து வந்துவிட்டான் என்று புலம்பிக்கொண்டே எழுதினார். 1948ல் வந்த அவருடைய சுயசரிதை லட்சக்கணக்கில் விற்றது. மௌனத்தைத் தேடி ஓடியவர் அமெரிக்கா முழுக்கப் பிரபலமானார்!

1947ம் 1958ம்

சுயசரிதைக்கு முந்தைய ஆண்டு, 1947ல், 'காமன்வீல்' பத்திரிகையில் கவிதையையும் ஆழ்நிலை ஜெபத்தையும் பற்றி மெர்ட்டன் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான். கலைஞனின் உள்ளுணர்வு ஜெபத்தின் வாசல் வரை கூட்டிப் போகும். ஆனால் வெறுங்கையோடு உள்ளே போக வேண்டிய நேரத்தில் கவிஞன் திரும்பிப் பார்க்கிறான். கண்டதைக் கவிதையாக்க வேண்டுமே என்ற அவசரம்! ஆகவே தேவைப்பட்டால் கவிதையைத் தியாகம் செய்துவிட வேண்டும். 1868ல் ஹாப்கின்ஸ் எடுத்த அதே முடிவு.

பிறகு 11 ஆண்டுகள். மடத்தில் துறவிகள் பாடும் சங்கீதங்களைப் பற்றி 1953ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தச் சங்கீதங்கள் என்ன? 150ம் கவிதைகள். திருச்சபையின் ஜெபமே கவிதையாக இருக்கும்போது கவிதை ஜெபத்துக்கு எப்படிப் பகையாகும்? 1955லிருந்து புதிதாகச் சேரும் இளம் துறவிகளுக்குப் பயிற்சி ஆசிரியராகவும் இருந்தார்.

1958ல் அதே பத்திரிகையில் பழைய கட்டுரையை மறுபரிசீலனை செய்து எழுதினார். தியானம் ஒரு அறை, மற்ற வாழ்க்கை வேறொரு அறை என்று சுவர் எழுப்பியதுதான் பழைய சிக்கலுக்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கலையே ஜெபம் என்று அவர் சொல்லிவிடவில்லை. அழகை ரசிப்பதும் கடவுள் முன் நிற்பதும் ஒன்றல்ல என்பதில் கடைசி வரை உறுதியாக இருந்தார். மாறியது ஒன்றுதான். பரிசாகக் கிடைத்த திறமையைக் கொன்றால்தான் பரிசைக் கொடுத்தவரிடம் போக முடியும் என்ற எண்ணம் போய்விட்டது.

1960களில் அவர் எழுத்தோடு நிற்கவில்லை. மை தொட்டு எளிய கோட்டோவியங்கள் வரைந்தார். புகைப்படமும் எடுத்தார். மரத்தின் வேர், நாற்காலி, கதவு என்று சாதாரணப் பொருட்கள். ஈர மணலைப் பார்த்த ஹாப்கின்ஸ் நினைவுக்கு வருகிறாரா?

1968ல் ஆசியப் பயணம். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்தார், பிறகு இலங்கை சென்றார். பொலன்னறுவையில் 12ம் நூற்றாண்டுப் புத்தர் சிலைகளை வெறுங்காலோடு ஈரப் புல்லில் நடந்துபோய்ப் பார்த்தார். தான் தேடி வந்தது என்ன என்பது அங்கே தெளிவானதாகக் குறிப்பு எழுதினார். யாரோ ஒரு சிற்பி செதுக்கிய கல்தான் பெர்நார்தின் வழிவந்த துறவிக்கு அந்தக் கணத்தைக் கொடுத்தது. சில நாட்களில், டிசம்பர் 10ம் தேதி, பாங்காக் அருகே காலமானார். மடத்தில் சேர்ந்து சரியாக 27 ஆண்டுகள்.

கடைசியாக...

இரண்டு பேருக்கும் பயம் உண்மையானது. புகழ் ஆசை ஜெபத்தைக் கெடுக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் இருவரும் முதலில் எரித்தது ஆசையை அல்ல, காகிதத்தை. ஆசை காகிதத்தில் இல்லை என்பதால் அது எரியவில்லை. ஹாப்கின்ஸ் பிரசுரம் ஆகாமலே எழுதினார், மெர்ட்டன் லட்சம் பேர் படிக்க எழுதினார். இருவரையும் மறுபடி எழுத வைத்தது ஒரு பெரியவரின் சாதாரண வார்த்தை.

பக்தி வந்ததும் பாட்டை விடுவது, வரைவதை விடுவது, எழுத்தை விடுவது இன்றும் நடக்கிறது. விடுவதற்கு முன் இந்த இருவரின் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ஹாப்கின்ஸ் அன்று எரித்தவற்றில் சில, நண்பர்களிடம் பிரதி இருந்ததால் தப்பின. எழுதப்படாமலே போன அந்த ஏழு வருடக் கவிதைகளுக்கு மட்டும் எங்கேயும் பிரதி இல்லை.